நம்ம வீட்டுச் சட்டம்

ஊரெல்லாம் அதைத் துருஸ்பெக் சட்டம் என்றுதான் சொன்னது. ரேடியோவில் அதற்கு முழ நீளத்தில் ஒரு பேர் இருந்தது. இரங்கல் சடங்குகளில் சிக்கனத்தை முறைப்படுத்துவது என்று ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கேயோ போய் முடியும். எங்கள் சாரி-புலாக்கில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நம்ம ஊர்க்காரன் எம்.பி. ஆகி தலைநகர் பிஷ்கெக்கில் உட்கார்ந்து கொண்டுவந்த சட்டம், ஆகவே துருஸ்பெக் சட்டம். கடையிலும் பாலத்தடியிலும் ஆட்டுக்கு மருந்து புகட்டுகிற பட்டியிலும் அதே பேச்சுதான்.

புருலுக்கு மட்டும் அந்தப் பேரைச் சொல்ல வழியில்லை. துருஸ்பெக் அவளுக்கு மூத்தார், புருஷனின் அண்ணன். மாமனார் பேரையும் மூத்தார் பேரையும் மருமகள் வாயால் சொல்வது எங்கள் பக்கம் கிடையாது. மாமனார் பேர் போரான்பாய். போரான் என்றால் பனிப்புயல். அதனால் வாழவந்த நாள் முதல் புருல் பனிப்புயலை 'வெள்ளைக்காத்து' என்றே சொல்லி வந்தாள். "வெள்ளைக்காத்து வருது, ஆட்டை உள்ள விடுங்க" என்று அவள் கத்தினால் கிழவர் சிரிப்பார். "சொல்லித் தொலை புள்ள, நான் காதைப் பொத்திக்கிறேன்" என்பார். அவள் சொல்லமாட்டாள். சட்டத்துக்கும் அவள் தனியாக ஒரு பேர் வைத்திருந்தாள். நம்ம வீட்டுச் சட்டம்.

குளிர்காலத் தொடக்கத்தில், சட்டம் வந்த கையோடு, துருஸ்பெக் ஊர் மன்றத்துக்கு வந்து கட்சியின் வேலைத்திட்டத்தை விளக்கினான். அடுப்புப் புகைந்தது. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம ஊர்ல ஒருத்தர் செத்தா ஒரு குடும்பமே சேந்து சாவுது" என்றான். "குதிரை, மாடு, அத்தனையும் அறுத்துப் போட்டுட்டு, வந்தவன் கையில கறியோட எலும்பைக் கட்டிக் குடுத்துட்டு, வீட்டுக்காரன் வெறுங்கையோட நிக்கிறான். இனிமே துக்க வீட்டுல குதிரையும் மாடும் அறுக்கக்கூடாது. தூரத்து ஆளுக்கு ஆட்டுக்கறி, அவ்வளவுதான். எங்க கட்சியோட முதல் வேலையே இதுதான்."

"குழாய்த் தண்ணி?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அது ரெண்டாவது."

"போன தடவையும் ரெண்டாவதாத்தானே இருந்துச்சு? எப்பத்தான் பாஸாகும்?"

மன்றமே சிரித்தது. துருஸ்பெக்கும் சிரித்தான். ஆனால் சட்டத்துக்குக் கைதட்டியபோது அது வாய்க்குச் சிரித்தது மாதிரி இல்லை. நிஜமாகவே தட்டினார்கள். எல்லா வீட்டிலும் ஒரு சாவு இருந்தது, அந்தச் சாவோடு போன குதிரை ஒன்றும் இருந்தது. புருலின் வீட்டில் மாமியார் போனபோது அவள் புருஷன் கென்ஜேயின் சொந்த மந்தையே போனது. கென்ஜே கடைசி மகன். பெற்றவர்களும் வீடும் அடுப்பும் கடைசி மகனுக்கு என்பது வழக்கம், ஆகவே செலவும் அவன் தலையில்தான். அன்றிலிருந்து அவன் ஊரார் ஆடுகளைக் கூலிக்கு மலைமேல் ஓட்டிப்போய் மேய்க்கிறான். மிச்சமிருந்தது தோரு என்ற செங்குதிரை ஒன்றுதான். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது புருல் பனியில் வழுக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே பயமில்ல" என்றாள்.

கிழவர் சித்திரை பிறக்கிற சமயத்தில், காலைத் தேநீர் குடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆடுகள் குட்டி போட்டு முடிகிற நேரம். பனி உருகி முற்றம் முழுக்கச் சேறு. வானத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, வெறும் காற்று. அழுவதற்குப் புருலுக்கு நேரமே கிடைக்கவில்லை. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி, கிழவரை உள்ளே வலப்பக்கம் கிடத்தித் திரை கட்டினார்கள். அவள் மாவு பிசைந்து, துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்துப் பொரித்துக் குவித்தாள். வறட்டி அடுக்கினாள். தாய் ஏற்காத இரண்டு குட்டிகளுக்குப் பால் புகட்டினாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தபடியே இருந்தாள். துக்க வீட்டு மருமகளுக்கு இரண்டு கை போதாது.

துருஸ்பெக் மாலையில் வந்து சேர்ந்தான். சேற்றில் சிக்கிய வண்டியை விட்டுவிட்டு, தூரத்திலேயே இறங்கி, "அப்பா, என் அப்பா" என்று முறைப்படி கதறிக்கொண்டே வந்தான். தம்பியைக் கட்டிக்கொண்டான். அவனோடு பளபளக்கிற ஷூவில் கட்சி ஆள் தலாந்த் என்பவனும் வந்திருந்தான். ஷூ வாசலுக்குள் வருவதற்குள் ஷூவாக இல்லை.

பிறகு ஆண்கள் சமையற்கட்டுக்குள் கூடினார்கள். மறுநாள் மதியம் அடக்கம். புருல் தேநீர் ஊற்ற உட்கார்ந்தாள்.

"ஆட்டுக் கணக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பித்தார் ஒஸ்மோன். ஊரில் மூத்தவர் அவர், ஆண்டவனை வேண்டி துவா சொல்கிறவரும் அவர்தான். "குதிரை எது?"

"பெரியப்பா, குதிரை அறுக்கக் கூடாது. சட்டம்" என்றான் துருஸ்பெக்.

"எனக்குத் தெரியாதாடா? நானுந்தான் கைதட்டினேன். நான் செத்தா ஒரு ஆடு போதும்னு எம் புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். ஆனா நான் யாரு? ஒஸ்மோன். உங்கப்பன் எம்.பி.யோட அப்பன். ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

"அண்ணே, பெரியவர் சொல்றது சரி" என்றான் ஊர்த் தலைவன் மாமிர். "நாளைக்கு எங்கெங்கேருந்தோ ஆளுங்க வருது. ஆட்டு எலும்பை நீட்டினா வாயைத் தொறக்காம வாங்கிட்டுத்தான் போவாங்க. வழியில தொறப்பாங்க. பெத்த அப்பனுக்குக் குதிரை அறுக்க மனசு வராமத்தான் சட்டம் போட்டிருக்கான், கஞ்சப்பயன்னு சொல்லுவாங்க."

"சொல்லத்தான் செய்வாங்க" என்றான் தலாந்த். "தேர்தல் வருது, ஞாபகம் வச்சுக்கங்க. ஆனா குதிரைய அறுத்தா அதுக்கும் ஒருத்தன் போனைத் தூக்கிக்கிட்டு நிப்பான். சட்டம் போட்டவனே சட்டத்தை அறுக்கிறான்னு படம் போட்டுருவான்."

"முன்னால போனா முட்டுது, பின்னால போனா உதைக்குது" என்று துருஸ்பெக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

மாமிர் கிண்ணத்தை நீட்டினான். "துலோ இருக்கே அண்ணே."

துலோ என்பது மழை வேண்டியும் மந்தை நல்லாயிருக்க வேண்டியும் ஊர்கூடி ஆண்டவனுக்குக் கொடுக்கிற பலி. சட்டம் ஓட்டுக்கு வந்தபோது சபையில் வயசானவர்கள் முறுக்கிக்கொண்டார்கள், பள்ளிவாசல்காரர்களும் முறுக்கிக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தத் துருஸ்பெக்கே ஒரு வரி சேர்த்தான். துலோவுக்கு இது பொருந்தாது என்று. அந்த ஒற்றை வரிக்குள் புகுந்து அக்கம்பக்கத்து ஊர்களில் குளிர்காலம் முழுக்கக் குதிரை அறுத்தார்கள். உறைந்து கிடக்கிற தை மாசத்தில் மழைக்குப் பலி.

"மழையும் இல்ல பாருங்க" என்றான் மாமிர். "பொய்யா சொல்றோம்? மழைக்கு அறுக்கிறோம். துக்கத்துக்கு வந்தவன் பசியோட இருக்கான், அவனும் சாப்பிடுறான்."

"அப்படின்னா நான் சந்தையில ஒண்ணு வாங்கியாரச் சொல்றேன்" என்றான் துருஸ்பெக்.

"லாரியில ஏத்தறப்பவே படம் புடிச்சுருவான்" என்றான் தலாந்த். "வீட்டுல நிக்கிற குதிரைன்னா கேள்வி கிடையாது."

"அது ஒரு பக்கம்" என்றார் ஒஸ்மோன். "அவர் ஏறுன குதிரைதான் அவருக்கு. தோருதான் போகணும்."

கென்ஜே கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேசுவான் என்று புருல் காத்திருந்தாள். அவன் பேசவில்லை. அவள் மாமிரின் கிண்ணத்தை வாங்கி விளிம்பு வரைக்கும் ததும்ப ஊற்றி நீட்டினாள். எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவது. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கட்டும் என்று மரியாதை. முழுக்கிண்ணம் என்றால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். மாமிர் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கை சுட்டது, ஆனாலும் கீழே வைக்கவில்லை.

"உன் பொண்டாட்டிக்குக் களைப்பு போல" என்றான் கென்ஜேயிடம்.

"ஆமாமா, களைப்பு" என்றான் கென்ஜே.

லாயத்துப் பக்கம் போய் அவனைப் பிடித்தாள். அவன் தோருவின் கால்குளம்பில் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு அறுக்கப்போற குதிரைக்குக் குளம்பு எதுக்குச் சுத்தம் பண்றீங்க?"

"பழக்கம்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அண்ணன் மொகத்தைப் பாத்தியா? நான் என்னத்தைச் சொல்ல? அப்பன் கடைசி மகனுக்கு எல்லாம் விட்டுட்டுப் போயிருக்காரு, இவன் ஒரு குதிரைக்குக் கணக்குப் பாக்குறான்னு பேசுவாங்க."

"எல்லாம்னா எது? இந்தச் சேறா?"

அவன் குதிரையின் அடுத்த காலைத் தூக்கினான். தோரு பழக்கத்தில் காலைக் கொடுத்தது. அந்த மனுஷன் மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

துருஸ்பெக் வறட்டிக் குவியலுக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாகக் குந்தியிருந்தான். மேல்சட்டை கசங்கியிருந்தது. தேர்தல் படத்தில் இருக்கிற ஆளுக்கும் இவனுக்கும் ஒரு பத்து வயசு வித்தியாசம் சொல்லலாம்.

"பெரியத்தான்."

"வாம்மா. சாப்பிட்டியா?"

"நம்ம வீட்டுச் சட்டம் நம்ம வீட்டுக்குள்ள வராதா?"

"உங்களைப் பாத்துத்தான் அதைப் போட்டேன். அம்மா போனப்போ கென்ஜே பட்டி காலியா நின்னுச்சே, அதை நெனச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொருத்தன் வாசல்லயும் போய் நின்னேன். ஒருத்தன் இந்த வார்த்தைய எடுங்கறான், இன்னொருத்தன் அந்த வரியச் சேருங்கறான். சேத்தேன். சேக்கலைன்னா சட்டமே வந்திருக்காது புருல்."

"சேத்த வரி எங்க தோரு கழுத்துலதான் விழணுமா?"

"கூட்டத்தொடர் முடியட்டும். தோருவை விட நல்ல குதிரையா வாங்கித் தரேன். என் பொறுப்பு."

"கூட்டம் கோடையிலதான் முடியும். மந்தை அடுத்த வாரமே மலையேறுது. குதிரை இல்லாத மேய்ப்பன்கிட்ட எவன் ஆட்டை விடுவான்? இன்னைக்குத் துக்கம் கேக்க வந்தவங்கள்லயே ரெண்டு பேரு லாயத்தைத்தான் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. கோடை முடிஞ்சு குதிரை வந்தா, ஏறிக்கிட்டு நாங்க எங்க போறது? கடைக்கா?"

"அந்த வரிய அடுத்த கூட்டத்துல எடுத்துடுறேன். திருத்தம் கொண்டுவரேன்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சாவு வீடு என்பதால் அடக்கிக்கொண்டாள். "தோருகிட்டச் சொல்றேன். திருத்தம் வர்ற வரைக்கும் கழுத்தைப் பத்திரமா வச்சுக்கட்டும்."

"குத்திக் காட்டாதம்மா" என்றான். "எனக்கும் அலுத்துப்போச்சு. அப்பா செத்துட்டாரு, நான் நிம்மதியா ஒரு மூச்சு அழல. வண்டியில வர்றப்ப பூராவும் அந்தத் தலாந்த் ஓட்டுக் கணக்குச் சொல்லிட்டே வந்தான். நான் கேட்டுட்டே வந்தேன்."

பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. கெட்டவனாக இருந்தால் சபித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

மறுநாள் காலையிலிருந்தே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் இடுப்பில் கச்சை கட்டி, கைத்தடியில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கூட்டமும் வந்து இறங்கும்போது அவர்கள் குரலெடுத்து அழுதார்கள், வந்தவர்களும் அழுதார்கள். கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கிழவரின் மகள் கலிமாதான் முன்னால். அவளுக்கு நல்ல குரல். அப்பாவை மலை என்றாள், கழுகு என்றாள். கிழவர் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

புருல் அடுப்புக்கும் கூடாரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் கலிமா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "மாமனாருக்கு ஒரு வரி பாடல, இவளும் ஒரு மருமகளான்னு கேக்குறாங்கடி. உக்காரு."

உட்கார்ந்தபோதுதான் குளம்புச் சத்தம் கேட்டது. சேற்றில் சளப் சளப்பென்று, அவசரமில்லாமல். அந்த நடை அவளுக்குத் தெரியும். அறுப்பதற்கு முன்னால் குதிரையைப் பெரியவர்கள் முன் நிறுத்தி, எல்லோரும் கையேந்தி துவா சொல்வார்கள். அதற்காகத்தான் கூடார வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

ஒப்பாரி வைக்கிற பெண்ணை யாரும் நிறுத்தக் கூடாது. அவள் என்ன சொன்னாலும் பதில் சொல்லவும் கூடாது. செத்தவரோடு பேசுகிறாள் அல்லவா. புருல் இதை யோசித்துச் செய்தாள் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். யோசிக்கவெல்லாம் இல்லை. வாயைத் திறந்தாள், அது வந்தது.

"மலைபோல இருந்தீங்களே மாமா,
மாமா, எங்க மலை சாஞ்சுபோச்சே.
உங்க மூத்த மகன் சட்டம் போட்டான் மாமா,
ஊரே கூடிக் கைதட்டுச்சே.
அந்தச் சட்டத்துக்குப் பேரிருக்கு மாமா,
அதை நான் சொல்லக் கூடாதே.
நீங்க காதைப் பொத்திக்கங்க மாமா, நான் சொல்லிடுறேன்.
துருஸ்பெக் சட்டம் மாமா, துருஸ்பெக் சட்டம்."

கலிமா அவள் தொடையைக் கிள்ளினாள். மற்றப் பெண்கள் அழுகையை விழுங்கிவிட்டுத் தலையைத் தூக்கினார்கள். வெளியேயும் அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது. புருலின் குரல் கம்பளியைத் தாண்டி முற்றத்துக்குப் போயிற்று.

"துருஸ்பெக் சட்டம் ஊருக்கெல்லாம் கூரையாச்சு மாமா,
துருஸ்பெக் பொறந்த வீட்டுக்கு மட்டும் ஓட்டையாச்சு.
குதிரை வந்து நிக்குது மாமா, உங்களுக்கு இல்லையாம்,
மழைக்கு அறுக்குறாங்களாம், மழைக்கு.
நீங்க சாகவே இல்லையாம் மாமா,
எந்திரிங்க, எந்திரிச்சுத் தேத்தண்ணி குடிங்க,
இந்த வீட்டுல யாருமே சாகலையாம்."

தோரு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதைத் தவிர காற்றுதான். பிறகு ஒஸ்மோனின் குரல், வழக்கத்தைவிட மெதுவாக.

"துருஸ்பெக். கையேந்தியாச்சு. எதுக்காகன்னு வாய்விட்டுச் சொல்லணும்டா. பேர் சொல்லாம ஆண்டவன்கிட்ட எதையும் நீட்ட முடியாது. சொல்லு."

"துலோன்னு சொல்லுங்க" என்றது தலாந்தின் குரல். "ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு முடிங்க."

புருல் சுவர்க்கம்பைப் பற்றிக்கொண்டாள். கம்பு ஈரமாக இருந்தது, அல்லது அவள் கை.

"இது துலோ இல்ல பெரியப்பா" என்றான் துருஸ்பெக். பிறகு சொன்னான். "எங்கப்பா செத்துட்டாரு."

அதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். நேற்று வண்டியிலிருந்து இறங்கி முறைப்படி கதறியது மாதிரி இல்லை. மூக்கு ஒழுக, பேச்சு வராமல், கைத்தடி நழுவிச் சேற்றில் விழ, சின்னப் பிள்ளை போல அழுதான். வரிசையில் நின்றவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அப்ப ஆடு போதும்" என்றார் ஒஸ்மோன். துவா சொல்லாமலே கையை இறக்கிக்கொண்டார். "குதிரைய உள்ள கட்டு கென்ஜே. நிக்காத, போ."

"போச்சு" என்றான் தலாந்த், யாருக்குச் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல். "இந்த ஊரும் போச்சு, அக்கம்பக்கத்து ஓட்டும் போச்சு." அவன் சொன்னது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை.

குளம்புச் சத்தம் லாயத்தை நோக்கித் திரும்பியது. முதலில் மெதுவாக, பிறகு, கென்ஜே கயிற்றைத் தளர்த்தியிருக்க வேண்டும், சற்று வேகமாக.

"மூத்தவர் பேரைச் சொல்லிட்டியேடி, பாவி" என்று கலிமா காதோரம் சீறினாள். "சரி, ஆரம்பிச்சதை நிறுத்தாத. பாதியில விட்டா இன்னும் அசிங்கம். பாடு."

புருல் மறுபடி வாயைத் திறந்தாள். சொல்வதற்குக் குதிரை இல்லை, சட்டம் இல்லை, கோபம்கூட இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் கிழவர் மட்டும்தான் இருந்தார். வார்த்தை எதுவும் வரவில்லை. அவர் இனி எழுந்திருக்கமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாமா, மாமா என்று அதையே சொல்லிச் சொல்லி அழத் தொடங்கினாள்.